ஃபுட்டைத் திருப்பிப் பாருங்கள்: தையல் மிஷினின் பிரஷர் ஃபுட் வகைகளும் பயன்களும்

புதிதாகத் தையல் மிஷின் வாங்கினால் கூடவே ஒரு சின்ன டப்பா வரும். அடிநூல் சுற்றும் பாபின், ஊசி, ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்ப் புட்டி இவற்றோடு, விதவிதமான வடிவத்தில் மூன்று நான்கு உலோகத் துண்டுகளும் அதில் கிடக்கும். பல வீடுகளில் அவை அந்த டப்பாவை விட்டு வெளியே வருவதே இல்லை. மிஷினில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஒன்றை வைத்தே ஜிப், பைப்பிங், ஓர மடிப்பு என்று எல்லாவற்றையும் தைத்துப் பார்க்கிறோம். தையல் கோணலாகப் போனதும் நமக்குத் தையல் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு கையில் இருப்பதில்லை. அந்த வேலைக்கு உரிய ஃபுட்டை மாட்டவில்லை, அதுதான் விஷயம்.

ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்கும் அந்த உலோகப் பாகத்தின் பெயர் பிரஷர் ஃபுட். டெய்லர் கடைகளில் வெறும் ஃபுட் என்றுதான் சொல்வார்கள், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சந்தையில் டஜன் கணக்கில் வகைகள் உண்டு. 32, 42 என்று பெட்டியாகப் போட்டு விற்கிறார்கள். அத்தனை பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையில் இருக்கும் ஃபுட்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். அங்கே பள்ளம் இருக்கிறதா, படி இருக்கிறதா, சமதளமா, ஊசி இறங்கும் ஓட்டை வட்டமா அகலமா, ஒரு கால்தானா இரண்டு கால்களா என்று கவனித்தால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது தானாகப் புரியும்.

அதற்கு முன்னால், ஃபுட் என்ன செய்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். துணியை அமுக்குகிறது என்பது பாதி உண்மைதான்.

ஊசித் தட்டில், ஃபுட்டுக்கு நேர் கீழே, ரம்பம் போன்ற சின்னப் பற்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிஷின் ஓடும்போது இந்தப் பற்கள் மேலே எழும், துணியைப் பின்னால் தள்ளும், கீழே இறங்கும், மறுபடி முன்னால் வரும். துணி நகர்வது இவற்றால்தான். ஆனால் மேலேயிருந்து ஃபுட் அழுத்தினால் மட்டுமே பற்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஃபுட்டைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், துணி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது வேலை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. ஊசி துணிக்குள் இறங்கி, மறுபடி மேலே எழத் தொடங்கும் அந்த நொடியில், ஊசிக்கண் பக்கத்தில் நூல் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். கீழே சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபின் நூலைச் சுற்றி இழுத்து வந்தால்தான் ஒரு தையல் விழும். துணியும் ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பிவிட்டால் வளையம் உருவாகாது, கொக்கிக்கு ஒன்றும் அகப்படாது. தையல் விட்டு விட்டு விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊசி மேலே போகும்போது துணியைத் தட்டோடு தட்டாகப் பிடித்துவைப்பது ஃபுட்டின் பொறுப்பு. துணி மிக மெல்லியதாகவோ, பிசுபிசுப்பாகவோ, ரொம்ப இழுபடும் ரகமாகவோ இருந்தால் சாதாரண ஃபுட்டால் இதைச் சரியாகச் செய்ய முடியாமல் போகும். வேறு வேறு ஃபுட் தேவைப்படுவதன் அடிப்படையே இதுதான்.

மூன்றாவது விஷயத்தைப் புதிதாகத் தைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபுட்டைத் தூக்கி இறக்கும் லீவருக்கும் மேல்நூலின் டென்ஷன் தட்டுகளுக்கும் தொடர்பு உண்டு. ஃபுட் மேலே இருந்தால் தட்டுகள் திறந்திருக்கும், கீழே இறங்கினால் மூடிக்கொண்டு நூலைக் கவ்வும். ஆகவே நூல் கோக்கும்போது ஃபுட் மேலே இருக்க வேண்டும், தைக்கும்போது கீழே இருக்க வேண்டும். ஃபுட்டை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே போகாமல் வெளியிலேயே நின்றுவிடும். அப்படித் தைத்தால் துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். அடியில் சிக்குவதால் பாபினில் கோளாறு என்று நினைத்து பாபின் கேஸின் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்போம். கோளாறு மேல்நூலில் இருக்கிறது. ஃபுட்டைத் தூக்கி, நூலை முழுவதும் உருவிவிட்டு மறுபடி கோத்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

இந்த ஃபுட் வந்த பிறகுதான் தையல் மிஷின் என்பதே உருப்படியான கருவி ஆனது என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கிய மிஷினில் துணியை ஒரு உலோகப் பட்டையின் முட்களில் குத்திச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டியிருந்தது. பட்டையின் நீளம் முடிந்ததும் மிஷினை நிறுத்தித் துணியைக் கழற்றி மறுபடி குத்த வேண்டும். நேர்த்தையல் தவிர வளைவு எதுவும் போட முடியாது. 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற மிஷினில் துணி மேசைமேல் தட்டையாகக் கிடந்தது, ஊசி நேர் மேலும் கீழுமாக இயங்கியது, ஸ்பிரிங் வைத்த ஃபுட் ஒன்று துணியைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நீளமும் தைக்கலாம், எப்படியும் வளைக்கலாம் என்று ஆனது. மேலே சொன்ன நான்கு அசைவுப் பற்கள் ஆலன் வில்சன் என்பவரின் கண்டுபிடிப்பு, அதற்கு 1854இல் காப்புரிமை கிடைத்தது. இந்த இரண்டும் சேர்ந்த அமைப்புதான் இன்றைக்கும் நம் வீட்டு மிஷினில் இருக்கிறது.

சரி, எந்த ஃபுட் உங்கள் மிஷினில் பொருந்தும்? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. ஃபுட்டின் மேல்பகுதியில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் தண்டுக்கு ஷாங்க் என்று பெயர். ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு, ஊசித் தட்டிலிருந்து அந்த ஸ்க்ரூவின் நடுப்பகுதி வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் லோ ஷாங்க். ஒரு அங்குலமோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருந்தால் ஹை ஷாங்க். வீட்டில் கால்மிதியோடு இருக்கும் கறுப்பு மிஷின்களும், இப்போது வரும், ஊசி இடமும் வலமும் அசைந்து தைக்கும் வீட்டு ஜிக்ஜாக் மிஷின்களும் பெரும்பாலும் லோ ஷாங்க். கார்மென்ட்ஸில் ஓடும் பவர் மிஷின் ஹை ஷாங்க். ஒன்றுக்கு உரியது மற்றதில் மாட்டாது. பழைய சிங்கர் மிஷின்கள் சிலவற்றில் ஊசியே சாய்வாக இருக்கும், அவற்றுக்குச் சாய்ந்த ஷாங்க் தனியாக வேண்டும்.

புதிய மிஷின்களில் ஷாங்க் நிரந்தரமாக இருக்கும், அடியில் இருக்கும் தகட்டை மட்டும் ஒரு பட்டனைத் தட்டிக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். இதை ஸ்னாப் ஆன் என்பார்கள். பழைய கறுப்பு மிஷினுக்கும் ஸ்னாப் ஆன் ஷாங்க் தனியாகக் கிடைக்கிறது, ஒரு முறை மாட்டிவிட்டால் சின்ன ஃபுட்களை எளிதாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஃபுட் பொருந்தினால் மட்டும் போதாது. கறுப்பு மிஷினில் ஊசி ஒரே இடத்தில் மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் அசையாது. ஜிக்ஜாக் தையலை நம்பிச் செய்யப்பட்ட ஓவர்காஸ்ட், பிளைண்ட் ஹெம் போன்ற ஃபுட்கள் அதில் மாட்டும், வேலை செய்யாது. பெட்டியாக வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஜிப், பைப்பிங், ஹெம்மர், சுருக்கம் வைக்கும் ஃபுட், வாக்கிங் ஃபுட் ஆகியவை நேர்த்தையல் மிஷினுக்கும் முழுமையாகப் பயன்படும்.

இப்போது ஃபுட்களைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கலாம்.

மிஷினோடு வரும் சாதாரண ஃபுட்டின் அடி சமதளமாக, வழவழப்பாக இருக்கும். ஊசி இறங்கும் இடத்தை மட்டும் பாருங்கள். கறுப்பு மிஷினின் ஃபுட்டில் அது சின்ன ஓட்டை அல்லது குறுகிய இடைவெளி. ஜிக்ஜாக் மிஷினின் ஃபுட்டில் அது அகலமான நீள்துளை, ஊசி இடமும் வலமும் போய்வர வேண்டுமே. இதில் ஒரு எச்சரிக்கை: ஜிக்ஜாக் மிஷினில் நேர்த்தையல் ஃபுட்டை மாட்டிவிட்டு மறந்துபோய் ஜிக்ஜாக் தையலுக்கு மாற்றினால் ஊசி உலோகத்தில் இடித்து உடையும். உடைந்த துண்டு எங்கு தெறிக்கும் என்று சொல்ல முடியாது. எந்த ஃபுட்டை மாற்றினாலும் முதல் இரண்டு மூன்று தையலைக் கைச்சக்கரத்தைச் சுற்றித்தான் போட வேண்டும். இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஜிக்ஜாக் மிஷின் வைத்திருப்பவருக்கு வட்ட ஓட்டை ஃபுட் எதற்கு? ஷிஃபான், ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணிகளுக்கு. அகல ஓட்டையில் துணிக்குப் பிடிமானம் இல்லாததால், ஊசி இறங்கும்போது துணியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். ஊசியைச் சுற்றி நெருக்கமாகப் பிடிக்கும் ஃபுட் இருந்தால் இது நடக்காது. கையில் அந்த ஃபுட் இல்லாவிட்டால், துணிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஒட்டும்.

ஒரு கால் மட்டும் உள்ள ஃபுட் அடுத்தது. கடைகளில் ஜிப் ஃபுட், சிங்கிள் ஃபுட், ஹாஃப் ஃபுட் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். சாதாரண ஃபுட்டுக்கு ஊசியின் இரு பக்கமும் கால் இருப்பதால், ஒரு பக்கம் ஜிப்பின் பல்லோ பைப்பிங் கயிறோ மேடாக வந்தால் ஃபுட் அதன்மேல் ஏறிச் சாயும், ஊசி விலகும். ஒரு காலை எடுத்துவிட்டால் மேட்டுக்கு வெகு அருகில் ஊசி இறங்க முடியும். இடது காலா வலது காலா என்பது, மேடு எந்தப் பக்கம் வருகிறது என்பதைப் பொறுத்தது. பின்னால் ஸ்க்ரூவைத் தளர்த்தி இரு பக்கமும் நகர்த்திக்கொள்ளும் வகையும் உண்டு. நகர்த்திய பிறகு ஊசி, ஃபுட்டின் ஓரத்தில் உள்ள சின்ன வெட்டுக்குள் சரியாக இறங்குகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிப் தைக்கும்போது எல்லோருக்கும் வரும் தொல்லை, இழுக்கும் ரன்னர் இருக்கும் இடத்தில் தையல் வளைந்துபோவது. தைத்துக்கொண்டே ரன்னருக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்துங்கள். ஊசி துணிக்குள்ளேயே இருக்கட்டும். ஃபுட்டைத் தூக்கி, ரன்னரை ஃபுட்டைத் தாண்டிப் பின்னால் இழுத்துவிட்டு, ஃபுட்டை இறக்கித் தையலைத் தொடருங்கள். ஊசி பிடித்துக்கொண்டிருப்பதால் துணி நகராது, தையல் நேராகவே போகும். சுடிதாரின் பக்கவாட்டிலோ கவுனின் முதுகிலோ வெளியே தெரியாமல் வைக்கும் கன்சீல்ட் ஜிப்புக்கு வேறு ஃபுட். அதன் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பள்ளங்கள் ஓடும். ஜிப்பின் சுருண்ட பல் அந்தப் பள்ளத்துக்குள் நிமிர்ந்து நின்றுகொண்டு போகும்போது, ஊசி அதன் வேர் ஓரமாகத் தைக்கும். தைக்கும் முன் ஜிப்பைத் திறந்து பல்லைச் சூடு குறைவாக வைத்து இஸ்திரி போட்டு நிமிர்த்திவிட்டால் வேலை இன்னும் சுத்தமாக வரும்.

பைப்பிங் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், நம் ஊரில் பிளவுஸ் தைப்பவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பைப்பிங் ஃபுட்டின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டிக்குள் கயிற்றை வைத்து மடித்து ஃபுட்டுக்குக் கீழே வைத்தால் கயிறு அந்தப் பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும், இப்படியும் அப்படியும் ஓடாது. ஊசி கயிற்றை உரசிக்கொண்டு ஒரே சீராகப் போகும். பள்ளத்தின் அகலம் கயிற்றின் கனத்துக்குப் பொருந்த வேண்டும். மெல்லிய பைப்பிங்குக்குப் பெரிய பள்ளம் போட்டால் கயிறு உள்ளே ஆடும், பைப்பிங் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் வரும்.

பிளவுஸ் கழுத்தில் பைப்பிங் வைப்பதில் மூன்று தையல் வரும்: பட்டிக்குள் கயிற்றைப் பிடிப்பது ஒன்று, பைப்பிங்கைக் கழுத்தோடு சேர்ப்பது ஒன்று, மேலே லைனிங்கையும் வைத்து மூடித் தைப்பது ஒன்று. முதல் தையலைக் கயிற்றுக்கு ஒட்டிப் போடாதீர்கள், ஒரு நூல் தள்ளியே போடுங்கள். இரண்டாவதை அதைவிடக் கொஞ்சம் கயிற்றுக்குப் பக்கமாகப் போடுங்கள். மூன்றாவதுதான் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இப்படிச் செய்தால் திருப்பிப் போட்டதும் முந்தைய தையல்கள் எதுவும் வெளியே தலைகாட்டாது. பலர் முதல் தையலிலேயே இறுக்கிப் பிடித்துவிடுவதால், கடைசியில் பைப்பிங் ஓரமாக வேறு நிற நூல் தெரிந்து அழகைக் கெடுத்துவிடும். வட்டக் கழுத்து, பானைக் கழுத்து போன்ற வளைவுகளில் பட்டியின் ஓரத்தை அரை அங்குலத்துக்கு ஒரு முறை கத்தரியால் லேசாக வெட்டிவிட்டால் பைப்பிங் வளைவோடு படியும். சதுரக் கழுத்தின் மூலையில் ஊசியைத் துணிக்குள் நிறுத்திக்கொண்டு ஃபுட்டைத் தூக்கி, பட்டியைத் தையல் வரை வெட்டித் திருப்ப வேண்டும். தையலைத் தாண்டி வெட்டிவிட்டால் ஓட்டைதான். பைப்பிங் ஃபுட் இல்லாதவர்கள் ஒற்றைக் கால் ஃபுட்டிலும் இதே வேலையைச் செய்யலாம், நம் டெய்லர்கள் பலர் அதில்தான் செய்கிறார்கள். பள்ளம் இல்லாததால் கயிற்றை விரலால் நேராகப் பிடித்துக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் பள்ளம் உள்ளதே நல்லது.

ஃபுட்டின் முன்பக்கத்தில் சுருண்ட உலோக நாக்கு ஒன்று இருந்தால் அது ஹெம்மர். துணியின் ஓரம் அந்தச் சுருளுக்குள் நுழைந்து, பாயைச் சுருட்டுவதுபோலத் தானாகவே இரண்டு மடிப்பாகச் சுருண்டு ஊசிக்கு வரும். துப்பட்டா, கர்ச்சீஃப், ஷிஃபான் ஃப்ரில் இவற்றின் ஓரத்தில் தெரியும் மெல்லிய மடிப்பு இதனால் ஆனது. 2, 3, 4, 6 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. எண் குறையக் குறைய மடிப்பு மெலியும், துணியும் மெலிய வேண்டும். சேலைக்குப் பீக்கோ அடிக்கும் கடைகளில் பார்த்தால், இதே மாதிரிச் சுருள் ஃபுட்டில் நேர்த்தையலுக்குப் பதில் நெருக்கமான ஜிக்ஜாக் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹெம்மரை வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் மூட்டைகட்டி வைத்துவிடுவார்கள், தொடக்கம் சரியாக வராததுதான் காரணம். ஓரத்தை நேரடியாகச் சுருளுக்குள் திணிக்க முயலாதீர்கள். முதல் அரை அங்குலத்தைக் கையாலேயே இரண்டு முறை மெல்லியதாக மடித்து, ஃபுட்டின் கீழ் வைத்து நான்கைந்து தையல் போடுங்கள். ஊசியைக் கீழே நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, முன்னால் இருக்கும் ஓரத்தைச் சுருளுக்குள் நழுவவிட்டு, ஃபுட்டை இறக்குங்கள். பின்னாலிருக்கும் நூல் நுனிகளை லேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். பிறகு கண் ஊசியில் இருக்கக் கூடாது, சுருளின் வாயில் இருக்க வேண்டும். துணி சுருளை நிரப்பியபடி உள்ளே போனால் மடிப்பு சீராக வரும். அதிகமாகப் போனால் திணறும், குறைந்தால் பிசிறு வெளியே நிற்கும். பருத்தித் துணியில் பழகிவிட்டு ஷிஃபானுக்குப் போங்கள். தடித்த இணைப்பு குறுக்கே வரும் இடத்தில் இது ஏறாது, அங்கே கையால் மடித்துத்தான் தைக்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளின் கவுனுக்கும் பாவாடைக்கும் சுருக்கம் வைக்க இரண்டு விதமான ஃபுட் இருக்கிறது. ஒன்றின் அடியைப் பார்த்தால் ஊசிக்கு முன்பகுதி தடித்தும் பின்பகுதி உயர்ந்தும் ஒரு படிபோல இருக்கும். பின்பக்கம் அழுத்தம் குறைவதால் துணி அங்கே தங்கிச் சுருங்கும். தையல் நீளத்தையும் மேல்நூல் டென்ஷனையும் கூட்டினால் சுருக்கமும் கூடும். நடுவில் ஒரு குறுக்குப் பிளவு இருந்தால் அதில் இடுப்புப் பட்டியை நுழைக்கலாம். அடியில் இருக்கும் துணி சுருங்கும், பிளவில் போகும் பட்டி சமமாக இருக்கும், இரண்டும் ஒரே தையலில் சேர்ந்துவிடும். பருத்தி, வாயில் (voile) போன்ற மெல்லிய துணிகளுக்கு இது நன்றாக வரும், கனமான துணியில் சுருக்கம் போதாது.

இன்னொன்று ரஃப்ளர். பார்க்க ஃபுட் போலவே இருக்காது, கையளவு இயந்திரம். அதிலிருந்து நீளும் கவை ஊசியைப் பிடிக்கும் ஸ்க்ரூவின் மேல் உட்கார்ந்திருக்கும். ஊசி ஏறி இறங்கும் அசைவால் ஒரு தகடு துணியை ஊசியை நோக்கித் தள்ளி மடிப்பு வைக்கும். 1, 6, 12 என்று எண்கள் இருக்கும்: ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மடிப்பு, ஆறு தையலுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. எத்தனை மீட்டர் ஃப்ரில் என்றாலும் அளவு மாறாது. எவ்வளவு துணி இழுக்கும் என்பதைக் கணக்கிட, முதலில் பத்து அங்குலத் துண்டு ஒன்றில் ஓட்டி, அது எவ்வளவாகக் குறைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். இதற்கு எண்ணெய் விட வேண்டும், வேகமாகவும் ஓட்டக் கூடாது.

ரஃப்ளரைப் போலவே கவை நீண்டு ஊசி ஸ்க்ரூவின் மேல் உட்காரும் இன்னொரு பெரிய ஃபுட், வாக்கிங் ஃபுட். அடியைப் பாருங்கள், அதற்கும் சொந்தமாகப் பற்கள் இருக்கும். இதன் அருமை புரிய வேண்டுமானால் ஒரே நீளத்தில் இரண்டு துண்டுகளை வைத்துச் சாதாரண ஃபுட்டில் ஒரு மீட்டர் தைத்துப் பாருங்கள். முடியும் இடத்தில் மேல்துண்டு கொஞ்சம் நீண்டு நிற்கும். கீழ்த்துணியைப் பற்கள் இழுத்துக்கொண்டு போகின்றன, மேல்துணியோ வழவழப்பான ஃபுட்டில் உரசித் தயங்குகிறது. சாதாரணச் சட்டையில் இது பெரிதாகத் தெரியாது. வெல்வெட்டில், கட்டம் போட்ட துணியில், லைனிங் வைத்த பட்டுப் பாவாடையில் பளிச்சென்று தெரியும். வாக்கிங் ஃபுட் மேல்துணியையும் கீழ்ப்பற்களோடு ஒத்த வேகத்தில் நகர்த்துவதால் கட்டத்தோடு கட்டம் பொருந்தி நிற்கும். பல அடுக்குப் பஞ்சு வைத்த குவில்ட் தைப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. விலை கொஞ்சம் கூட, பின்னோக்கித் தையலும் பல மாடல்களில் சரிப்படாது. ஆனாலும் காசுக்கு ஏற்ற பொருள் என்றுதான் சொல்வேன்.

ரெக்சின், லெதர், பிளாஸ்டிக் பூசிய துணிகளில் பிரச்சினை வேறு. உலோக ஃபுட் அவற்றில் ஒட்டிக்கொண்டு நகரவே விடாது. அடியில் வெள்ளையாக டெஃப்ளான் உள்ள ஃபுட்டோ, உருளைகள் வைத்த ரோலர் ஃபுட்டோ போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பை தைப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஜிக்ஜாக் மிஷின் இருந்தால் மட்டும் பயன்படுபவை சில. அடியில் அகலமான ஆழமில்லாத பள்ளம் ஓடினால் சாட்டின் ஃபுட், நெருக்கமான ஜிக்ஜாக் தையலின் மேட்டை நசுக்காமல் போவதற்கு அந்தப் பள்ளம். சாதாரண ஃபுட்டில் அப்ளிக் (துணிமேல் ஒட்டுவைத்துத் தைக்கும் வேறு துணித் துண்டு) ஓரம் அடித்தால் தையல் ஓரிடத்தில் குவிந்து நின்றுவிடுவதை இது தீர்க்கும். நடுவில் மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருப்பது ஓவர்காஸ்ட் ஃபுட், தையல் அந்தக் கம்பியைச் சுற்றி விழுவதால் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளாது. நடுவில் செங்குத்தாகத் தகடு நிற்பது பிளைண்ட் ஹெம், பேண்ட் அடி மடிப்பை வெளியே தெரியாமல் தைக்க. நீளமான சட்டம் போல இருப்பது காஜா ஃபுட். அதன் பின்பக்கத்தில் பட்டனை வைத்துவிட்டால் அந்த அளவுக்கே மிஷின் காஜா போடும். பலர் மறப்பது, இடது பக்கம் மிஷினிலிருந்து காஜா லீவரைக் கீழே இழுத்துவிட வேண்டும் என்பதை. இழுக்காவிட்டால் எங்கே நிறுத்துவது என்று மிஷினுக்குத் தெரியாது.

கறுப்பு மிஷின்காரர்கள் காஜா விஷயத்தில் மனம் தளர வேண்டாம். ஊசி அசையாத மிஷினுக்கென்றே காஜா அட்டாச்மென்ட் ஒன்று உண்டு. ஊசி அசையாவிட்டால் என்ன, அது துணியைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிக் காஜாவை முடித்துவிடும். அப்படி ஒன்றை யோசித்தவர்களின் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

கையால் படம் வரைவதுபோல எம்பிராய்டரி போடுவதற்கும் கிழிசலை நெய்து அடைப்பதற்கும் டார்னிங் ஃபுட் என்று ஒன்று. ஸ்பிரிங்கோடு குதித்துக்கொண்டே போகும். ஊசி துணியில் இருக்கும்போது மட்டும் அமுக்கும், வெளியே வந்ததும் விட்டுவிடும், அந்த இடைவெளியில் துணியை நாம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்தலாம். பற்களை இறக்கிவிட வேண்டும், இறங்காத மிஷினில் அவற்றை மூடும் தகடு ஒன்றை மாட்ட வேண்டும். நம் ஊரில் மிஷின் எம்பிராய்டரி போடுபவர்கள் பலர் ஃபுட்டையே கழற்றிவிட்டு வளையத்தில் துணியை இறுக்கி மாட்டிப் போடுவார்கள். துணி முரசுபோல விறைப்பாக இருப்பதால் ஊசியோடு எழும்பாது, ஃபுட்டின் அந்த வேலையை வளையம் செய்துவிடுகிறது. ஆனால் ஃபுட் இல்லாவிட்டாலும் லீவரை இறக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் டென்ஷன் தட்டுகள் திறந்தே கிடக்கும். விரலுக்கும் ஊசிக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை என்பதால் விரல்கள் எப்போதும் வளையத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும்.

திருப்பூர் போன்ற ஊர்களில் கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவர்களுக்குக் காம்பன்சேட்டிங் ஃபுட் பழக்கமாகியிருக்கும். இரண்டு கால்களில் ஒன்று ஸ்பிரிங்கில் தனியாக ஏறி இறங்கும். காலர், பாக்கெட் போன்றவற்றின் ஓரத்தில் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் நின்றுகொண்டு, ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் தையல் விழச் செய்யும். அதன்மேல் பொறித்திருக்கும் 1/16, 1/8, 1/4 என்பவை அந்தத் தூரத்தை அங்குலத்தில் சொல்பவை. வீட்டில் பவர் மிஷின் வைத்திருப்பவர்கள் 1/16 ஒன்றை வாங்கினால் ஓரத்தையல் கடையில் தைத்ததுபோலவே வரும்.

சரியான ஃபுட் மாட்டியும் துணி சுருங்குகிறது என்றால் அழுத்தத்தைப் பாருங்கள். ஃபுட்டைத் தாங்கும் தண்டின் உச்சியில், மிஷினின் மேல்பக்கம், ஒரு திருகு இருக்கும். சில புதிய மிஷின்களில் எண் போட்ட டயலாக இருக்கும். மெல்லிய பட்டுக்குத் தளர்த்த வேண்டும், கனத்த துணிக்கு இறுக்க வேண்டும். தைத்த பிறகு பற்களின் தடம் துணியில் பதிந்திருந்தால் அழுத்தம் அதிகம். துணி தயங்கித் தயங்கி நகர்ந்தால் குறைவு. பல வருடங்களாக யாரும் தொடாத திருகு இது, அதனால் எத்தனை சுற்று திருகினீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே திருகுங்கள்.

ஜீன்ஸ் அடி மடிக்கும்போது பக்கத் தையல் தடிப்பில் ஏற மாட்டாமல் மிஷின் நின்றுவிடும். ஃபுட்டின் முன்பக்கம் மேட்டில் ஏறி அண்ணாந்து நிற்பதால் பற்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. பல ஸ்னாப் ஆன் ஃபுட்களின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கறுப்புப் பட்டன் இருக்கும். ஃபுட்டைக் கையால் சமமாகப் பிடித்து அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே கீழே இறக்கினால் ஃபுட் அண்ணாக்காமல் சமமாகவே நிற்கும், தடிப்பில் ஏறியதும் பட்டன் தானாக விடுபட்டுவிடும். பட்டன் இல்லாத ஃபுட்டில், பின்பக்கம் அதே கனத்துக்கு மடித்த துணித் துண்டு ஒன்றைச் செருகினால் இதே பலன் கிடைக்கும்.

எதை முதலில் வாங்குவது? டப்பாவில் ஜிப் ஃபுட் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் முதலில் அதுதான். பிளவுஸ் தைப்பவர் என்றால் அடுத்தது பைப்பிங், துப்பட்டாவும் கவுனும் தைப்பவர் என்றால் 3 மில்லிமீட்டர் ஹெம்மர். வாக்கிங் ஃபுட்டும் ரஃப்ளரும் வேலை வந்த பிறகு வாங்கினால் போதும். 42 பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதி உங்கள் மிஷினுக்கு உதவாது, மலிவான சிலவற்றின் அடி சரியாகத் தேய்க்கப்படாமல் பட்டில் நூல் இழுத்துவிடும். வாங்கும்போது அடிப்பக்கத்திலும் ஊசி ஓட்டையின் விளிம்பிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது. கடைக்குப் போகும்போது மிஷினில் இருக்கும் ஃபுட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். மாடல் எண்ணைச் சொல்வதைவிட, பக்கத்தில் வைத்து உயரமும் ஸ்க்ரூ வெட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சுலபம்.